பெயரைப் பார்த்து எழுதிய நிரல்

ஓசூரில் வேலை போனால் நானும் மகளும் கல்லாவிக்கு, என் அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும். அண்ணன் கெட்டவர் இல்லை. சிக்கலே அதுதான். கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுவிட்டு வெளியே வந்துவிடலாம். அவர் சோறு போடுவார், பிள்ளையைப் படிக்க வைப்பார், கூடவே நான் விட்டுவிட்டு வந்த கணவரிடம் திரும்பிப் போகச் சொல்லி நாள் தவறாமல் பேசுவார். அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் மகளைக் கூட்டிக்கொண்டு ஓசூருக்கு வந்தேன், சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் ஒற்றை அறை வீடு பிடித்தேன், பிரேக் சிலிண்டர்களைச் சோதிக்கும் எந்திரங்கள் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தேன்.

டிப்ளமாவில் படித்த சி மொழியை வைத்து அங்கே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்போது புதிதாக ஒரு டீம் லீடர் வந்தார். கர்நாடகத்தில் ஆனேக்கல் பக்கத்துக்காரர். தினமும் அத்திப்பள்ளி செக்போஸ்டைத் தாண்டி பைக்கில் வருவார். பழைய நிரல்களையெல்லாம் ஜிக் என்ற நிரல்மொழிக்கு மாற்றப் போகிறோம் என்றார். மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பொங்கலுக்கு முன்னாடி ட்ரயல் இருக்கும்மா. நீ எழுதுற பகுதி அதுல ஒழுங்கா ஓடுனா பாக்கலாம். இல்லாட்டி கான்ட்ராக்ட் அதோட முடியுது" என்றார். "பாக்கலாம்" என்ற சொல்லின் மேல் எனக்கு எப்போதுமே ஒரு கொலைவெறி உண்டு. அன்று தலையை மட்டும் ஆட்டினேன்.

என் பகுதி கேட்பதற்குச் சுலபமாக இருந்தது. சோதனை எந்திரத்திலிருந்து அழுத்தம், வெப்பம், முறுக்கு விசை என்று பலவிதமான அளவுகள் வரும். ஒவ்வொன்றுக்கும் நிரலில் தனித்தனி வகை. எந்த வகை வந்தாலும் அது இன்னது என்று கண்டுபிடித்துத் திரையில் காட்ட வேண்டும். நாளைக்குப் புதிதாக ஒரு அளவு சேர்ந்தாலும் நான் போய் மறுபடி எழுதக் கூடாது, நிரலே பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்காக அந்த மொழியிலேயே சில செயல்பாடுகளை உள்ளே வைத்திருக்கிறார்கள். @ குறியில் தொடங்கும். நாம் எழுதியதை எந்திரத்தில் ஓடும்படி மாற்றித் தருகிற கம்பைலர், நிரலைத் தயாரிக்கும்போதே ஒரு வகையிடம் "நீ யார், உனக்குள் என்னென்ன இருக்கிறது" என்று கேட்டு வாங்கிவிடலாம். இவ்வளவுதான் விஷயம். இதைப் புரிந்துகொள்ள நான் பட்ட பாடு அந்த ஆண்டவனுக்கே வெளிச்சம்.

கம்பெனி பஸ்ஸில் போனை மூக்குக்கு முன்னால் பிடித்துக்கொண்டு படிப்பேன். பாகலூர் ரோட்டுக் குழியில் பஸ் குதிக்கும்போதெல்லாம் படித்த வரி தொலைந்துபோகும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் தெலுங்கில் மாமியாரைத் திட்டிக்கொண்டே வருவாள். அவளைப் பார்க்கப் பொறாமையாக இருக்கும். அவள் பகைக்கு ஒரு முகமாவது இருந்தது.

அப்போதுதான் டைப்நேம் என்ற செயல்பாடு கண்ணில் பட்டது. வகையைக் கொடுத்தால் அதன் பெயரை எழுத்தாகவே தந்துவிடும். இதைவிட வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். பெயர் இன்னது என்றால் அழுத்தம், இன்னது என்றால் வெப்பம், இரண்டும் இல்லையென்றால் ஒன்றும் செய்யாமல் விட்டுவிடு என்று எழுதினேன். ஓடியது.

ஓசூரில் வேலை செய்பவளுக்கு இது இயல்பாக வருகிற புத்தி. எங்கள் கேன்டீனில் புது ஆள் எதிரில் வந்து உட்கார்ந்தால், கழுத்தில் தொங்கும் அட்டையில் பெயரைத்தான் முதலில் பார்ப்போம். பெயர் எப்படி முடிகிறது என்று பார்த்து, கன்னடமா, தெலுங்கா, தமிழா என்று முடிவு செய்து பேச்சைத் தொடங்குவோம். பாதி நேரம் தப்பாகப் போகும். கன்னடப் பெயர் வைத்திருப்பவர் வீட்டில் தெலுங்கு பேசுவார், படித்தது தமிழில் இருக்கும். சிரித்துக்கொண்டு மொழியை மாற்றிக்கொள்வோம், சாம்பாரை நகர்த்துவோம். மனிதர்களிடம் இந்தக் குறுக்கு வழிக்கு மன்னிப்பு உண்டு.

ஒருநாள் லீடர் என் திரைக்குப் பின்னால் வந்து நின்றார். "மேடம், பிரஷர் எல்லி? காணோமே?" என்று கன்னடமும் தமிழும் கலந்து கேட்டார்.

பார்த்தேன். வெப்பம் இருக்கிறது, விசை இருக்கிறது. அழுத்தம் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. பிழைச் செய்தியும் இல்லை. நான் எதையும் தொடவில்லை என்று சத்தியம் செய்தேன். உண்மையும் அதுதான். லீடர்தான் அன்று காலை அழுத்தத்துக்கான வகையை வேறொரு கோப்புக்கு மாற்றியிருந்தார். டைப்நேம் தரும் பெயரில் கோப்பின் பெயரும் ஒட்டிக்கொண்டு வரும். கோப்பு மாறியதும் பெயரும் மாறிவிட்டது. என் நிரலுக்கு அந்தப் பெயர் தெரியாததால், நான் சொல்லிக் கொடுத்தபடியே ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டது. பிரேக்கைச் சோதிக்கும் எந்திரத்தில் அழுத்தத்தையே காட்டாமல் விட்டுவிட்டது.

"பேரு வெச்சி சொல்லக் கூடாது மேடம். உள்ளே என்ன இருக்குன்னு கேளுங்க. டைப்இன்ஃபோ இருக்கில்லா?" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போய்விட்டார். நான் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். துக்கத்தில் பாதி, ஆத்திரத்தில் பாதி.

டைப்இன்ஃபோ பெயரோடு நிற்காது. இது முழு எண்ணா, தசம எண்ணா, பல உறுப்புகள் சேர்ந்த கட்டா, கட்டு என்றால் உறுப்புகள் எவை, ஒவ்வொன்றும் எந்த வகை என்று பிரித்து வைக்கும். அதை வாங்கி ஒவ்வொன்றாக இறங்கிப் பார்க்க வேண்டும். நான் எழுதினேன், கம்பைலர் துப்பியது. இந்த மதிப்பு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்றது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் சாதாரணச் சுற்று இங்கே செல்லாது, நிரல் தயாராகும்போதே விரிகிற சுற்று வேண்டும் என்றது. என்ன எழுதினாலும் சிவப்பு. அந்த நாட்களில் சோறு இறங்கவில்லை. மகளின் டிபன் பாக்ஸில் உப்பில்லாத உப்புமா போனது. அண்ணன் போன் செய்தால் எடுக்காமல் விட்டேன். எடுத்தால் "சரி, வர்றேன்" என்று வாய் சொல்லிவிடுமோ என்று பயமாக இருந்தது. எனக்கு மூளை இல்லை என்று நானே முடிவு கட்டியிருந்தேன். ஆனாலும் வேறு போக்கிடம் இல்லாததால் மறுபடி மறுபடி எழுதினேன்.

எழுதி எழுதி ஒரு மத்தியானம் அது ஓடிவிட்டது. எப்படி ஓடியது என்பது ஓடிய பிறகுதான் புரிந்தது. கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். தெரியாத வகை ஏதாவது வந்தால் சும்மா விடாதே, நிரலையே தயாரிக்காமல் நிறுத்து. நிறுத்தும்போது காட்ட வேண்டிய செய்தியைத் தமிழிலேயே எழுதினேன்: "இந்த வகை எனக்குத் தெரியாது. தெரியாமல் ஓட மாட்டேன்."

ட்ரயல் அன்று காலை வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்து இறங்கினார்கள். கடைசியாக ஒருமுறை நிரலைத் தயார் செய்யச் சொன்னார் மேனேஜர். தயாராகவில்லை. திரை நடுவில் என் தமிழ் வரி நின்றது. சென்சார் பிரிவில் முந்தின நாள் மாலை அழுத்தத்தின் வகையை மாற்றியிருக்கிறார்கள். அளவு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்கிற வகை அது. அந்த மாதிரி வகைக்கு நான் எதுவும் எழுதியிருக்கவில்லை.

மேனேஜர் முகம் கறுத்தது. "என்னாம்மா இது, வெளையாட்டா? அந்த வரியத் தூக்கிட்டு ஓட விடு. அவங்க டீ குடிச்சி முடிக்கறதுக்குள்ள ஓடணும்."

"தூக்கினா ஓடும் சார். ஆனா பிரஷர் வராதுங்க சார்."

"வர்றது வரட்டும்மா!"

வரியைத் தூக்கிவிட்டால் மற்ற அளவுகள் அழகாக வரும், ஒருவரும் கவனிக்காமல்கூடப் போகலாம், நான் ஓசூரிலேயே இருக்கலாம். நான் பெரிய யோக்கியம் எல்லாம் இல்லை. காணாமல் போன அழுத்தத்தை ஏற்கெனவே ஒருமுறை பார்த்தவள், அவ்வளவுதான். வரியைத் தூக்காமல், அந்தப் புது வகைக்கு ஒரு கிளை எழுதினேன். அளவு இருந்தால் உள்ளிருப்பதைக் காட்டு, இல்லாவிட்டால் "அளவு இல்லை" என்று காட்டு. மேனேஜர் என் பின்னால் நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். தயாரானது.

வாடிக்கையாளர்கள் சுற்றி நிற்க எந்திரம் ஓடியது. வெப்பம் வந்தது. விசை வந்தது. அழுத்தத்துக்கு நேராக "அளவு இல்லை" என்று வந்தது. அடுத்த சிலிண்டருக்கும் அப்படியே. என் வாழ்க்கை அங்கேயே முடிந்தது என்று நினைத்தேன். லீடர்தான் குனிந்து எந்திரத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். அழுத்தச் சென்சாரின் ஒயர் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது.

மாட்டினார்கள். மறுபடி ஓடியது. எல்லா அளவுகளும் வந்தன. சாயங்காலம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். பாராட்டெல்லாம் இல்லை. விருந்தாளிகள் முன்னால் மானத்தை வாங்கிவிட்டேன் என்று முதலில் திட்டினார். பிறகு, ஜூன் வரைக்கும் கான்ட்ராக்டை நீட்டித்திருப்பதாகச் சொன்னார். ஜூனுக்கு அப்புறம் பாக்கலாம் என்றார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் மகளிடம், "நாம கல்லாவிக்குப் போவல கண்ணு" என்றேன். துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன்.

"அப்ப ஆண்டு விழாவுக்கு நான் இங்கதான் இருப்பேனாம்மா?"

"இருப்ப. நீதான் முன் வரிசைல ஆடப் போறியே."

"இல்லம்மா. இருப்பியான்னு மிஸ் கேட்டாங்க. நாந்தான் இருக்க மாட்டேன், ஊருக்குப் போயிடுவோம்னு சொல்லிட்டேன். என் எடத்துக்கு வேற பிள்ளையப் போட்டுட்டாங்க."

எப்போது சொன்னாய் என்று கேட்டேன். ட்ரயலுக்கு நெடுநாள் முன்பே சொல்லியிருக்கிறாள். நான் தேற மாட்டேன் என்று அவளும் முடிவு கட்டியிருந்தாள், அதை என்னிடம் காட்டிக்கொள்ளவே இல்லை. கோபம் வந்தது. யார்மேல் காட்டுவது? நானும் அதையேதானே நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போய் மிஸ்ஸிடம் கெஞ்சிப் பார்த்தேன். உடை தைத்தாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்றார். ஆண்டு விழா அன்று மகள் என் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, தான் ஆட வேண்டிய பாட்டுக்கு மற்ற பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்துக் கடைசிவரை கை தட்டினாள்.