காலில் காபித்தூள், தொப்புளில் விபூதி

காயம் கழுவுகிறவளுக்கும் பச்சைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிறவளுக்கும் முதலில் வேண்டியது சுத்தமான தண்ணீர். கடைசியில் கிடைப்பது வசவு. கட்டுப் போட்டு ஏச்சு வாங்கிய சகோதரிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தமானில் ரங்கத் பக்கம் ஒரு சின்ன சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பிள்ளை இல்லை. கணவர் போன பிறகு மெயின்லேண்டில் எனக்கென்று திறக்கிற கதவும் இல்லை. தகரக் கூரையில் மழை விழுவதைக் கேட்டுக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டேன். ஆனால் என் கதவை யாராவது தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அதற்காக இந்தத் தீவுக்கு நன்றி.

காபித்தூள்

முத்து மீன்பிடிப் படகில் போகிறவன். ராமநாதபுரத்துக்காரன், என் பக்கத்து வீடு. ஒருநாள் பவளப்பாறையில் காலைக் கிழித்துக்கொண்டு வந்தான். ரத்தம் நிற்கட்டும் என்று படகில் யாரோ காபித்தூளை அள்ளி அப்பியிருந்தார்கள். காயம் எங்கே முடிகிறது, காபி எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை.

குழாயடியில் உட்காரவைத்துக் கழுவினேன். பவளம் பார்க்கப் பூ மாதிரி இருக்கும். ஒரு துகள் உள்ளே தங்கினால் புண் ஆறாது. தண்ணீர் ஓட ஓட, தூளும் துகளும் போகும்வரை விடவில்லை. பிறகு வெளுத்த துணியை மடித்து அழுத்திப் பிடித்தேன். ரத்தம் நின்றது. கட்டுப் போட்டு, டெட்டனஸ் ஊசிக்கு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். போகும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "பஸ் கரோ சிஸ்டர், போதும். உங்களுக்கு அந்தப் பாறையே தேவலை."

போனில் வந்த மாமியார்

அவன் கால் ஆறுவதற்குள் அவன் மனைவி செல்விக்குப் பெண் பிறந்தது. எடை கொஞ்சம் குறைவு. குளிப்பாட்ட வரவேண்டிய செல்வியின் அம்மா பேச்சியம்மாள் சென்னையில் மாட்டிக்கொண்டார். கடல் சரியில்லை, கப்பல் கிளம்பவில்லை. ஆகவே தினமும் வீடியோ காலில் வந்தார். "கால்ல போட்டு நல்லா வெந்நீர் ஊத்துடி" என்று கையை ஓங்குவார். சிக்னல் போய், ஓங்கிய கை ஓங்கியபடியே நிற்கும்.

தொப்புள்கொடி விழும்வரை குளியல் வேண்டாம், துடைத்தால் போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். செல்விக்குக் குழந்தையைத் தூக்கவே பயம். கடைசியில் துணியை வாங்கிக்கொண்டவன் முத்து. வெதுவெதுப்பான நீரில் முழங்கையை வைத்துப் பார்க்கச் சொன்னேன். துடைக்கிற இடத்தை மட்டும் திறந்து, மற்றதை மூடி, கழுத்து மடிப்பையும் அக்குளையும் ஈரமில்லாமல் ஒற்றச் சொன்னேன். வலை பின்னுகிற விரல்கள். சொன்னதைச் சொன்னபடி செய்தன. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து இதைப் பார்த்த வங்காளத்து மாலதி, தன் கணவன் காதில் விழும்படி சொன்னாள்: "நம்ம வீட்டு ஆத்மி அவனோட பனியன்கூட துவைக்க மாட்டான் தீதி. இங்க பாரு, இவன் பச்சாவையே துடைக்கிறான்."

விபூதி

ஒரு காலையில் முத்து நொண்டியபடி குழந்தையோடு என் வீட்டுக்கு ஓடிவந்தான். பின்னால் செல்வி. கொடி சீக்கிரம் காயும் என்று அம்மா போனில் சொன்னாராம். செல்வி தொப்புளில் விபூதி வைத்து வந்திருக்கிறாள். "என் காலுக்குக் காபித்தூள் ஆகாதுன்னா, இதுக்கு விபூதி மட்டும் ஆகுமா? இதுவும் காயம்தானே சிஸ்டர்?" என்றான்.

காயம்தான். தொப்புளைச் சுற்றிச் சிவந்து, லேசாக வாடை அடித்தது. குழந்தை சரியாகப் பால் குடிக்கவில்லை என்று அப்போதுதான் செல்வி சொன்னாள். அதற்குமேல் நான் கைவைக்கவில்லை. தாயின் மார்போடு சேர்த்துப் போர்த்தி, வழியில் வந்த ஜீப்பை நிறுத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

ஊசி மருந்து ஏறிக்கொண்டிருந்த அந்த நாட்களில் ஆஸ்பத்திரி ஜன்னலில் மழை ஓயவில்லை. நானும் அங்கேயே கிடந்தேன். ஒரு மதியம், மழைச் சத்தத்துக்கு நடுவே, இன்னொரு சின்னச் சத்தம். குழந்தை சப்புக்கொட்டிப் பால் குடித்தது. எத்தனையோ கவிதைகள் கேட்ட காது என்னுடையது. அந்தச் சத்தத்துக்கு ஈடான வரி ஒன்று எனக்கு அகப்படவில்லை. செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள்: "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க சிஸ்டர். தன்னாலதான்னு தெரிஞ்சா அவுங்க பிள்ளையத் தொடவே மாட்டாங்க."

கப்பல் வந்தது

கொடி விழுந்து தொப்புள் காய்ந்த பிறகுதான் பேச்சியம்மாள் வந்து சேர்ந்தார். பையை வைத்த கையோடு கொல்லைப்புறத்தில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். தண்ணீரில் நான் முழங்கையை வைத்துப் பார்த்தேன். மூக்கிலும் காதிலும் எண்ணெய் வேண்டாம், மூக்கில் ஊத வேண்டாம், சாம்பிராணிப் புகை வேண்டாம் என்றேன். "பெறகு எதுக்கு நான் கப்பலேறி வந்தேன்?" என்று முறைத்தார்.

ஆனால் குழந்தை அந்தக் கால்களின் பள்ளத்தில், அதற்கென்றே வார்த்தது போலப் படுத்துக்கொண்டது. அவர் உள்ளங்கையால் நீரை ஏந்தி ஏந்தி விட்டார். அது அழவே இல்லை. எனக்கு அப்படிப் படுத்துக்கொள்ளக் கால்கள் வாய்த்ததுமில்லை, படுக்கவைக்கப் பிள்ளை வாய்த்ததுமில்லை. பார்க்க வாய்த்தது, போதும்.

அவர் விரல் தொப்புளருகே நின்றது. "நல்லாக் காஞ்சிருக்கே. நான் சொன்ன விபூதிய வச்சீகளா?"

செல்வியின் முகம் வெளுத்தது. நான் தென்னை மரத்தைப் பார்த்தேன். முத்து துண்டை விரித்துக் குழந்தையை வாங்கிக்கொண்டான்: "வச்சோம் அத்தை. நெத்தியில."

காயத்துக்கான முதலுதவியை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவள் நான். மாமியாருக்கான முதலுதவியை அவனாகவே கற்றுக்கொண்டிருக்கிறான்.