கடைசியாக எப்போது சாப்பிட்டார்?

தொண்டு மனப்பான்மை எனக்கு இரத்தத்திலேயே ஊறியது என்று பிற்காலத்தில் ஒரு கூட்டத்தில் மாலை போட்டுப் பேசினார்கள். நானும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், ஆம்புலன்ஸ் பயிற்சிக்கு நான் பெயர் கொடுத்தது சீருடைக்காகத்தான். எண்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்தெட்டு வயது. பினாங்குத் துறைமுகத்தை ஒட்டிய வெல்ட் கீ ரோட்டில் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் கிராணி வேலை, கணக்கெழுதும் குமாஸ்தா. மூன்று இடத்தில் பெண் பார்த்தோம். மூன்று வீட்டிலும் கேசரியைச் சாப்பிட வைத்து, "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். இன்றுவரை யாரும் சொல்லி அனுப்பவில்லை. என்னோடு படித்தவன் ஒருவன் போலீசில் சேர்ந்தான். சீருடையோடு போய் நின்றான், ஒரே நடையில் கல்யாணம் பேசி முடித்துவிட்டு வந்தான். படிப்பில் அவன் எனக்குப் பின்னால் மூன்று பெஞ்சு தள்ளி உட்கார்ந்தவன். அதற்குப் பிறகுதான் எனக்குள் சமூகத் தொண்டு விழித்துக்கொண்டது.

ஜார்ஜ் டவுனில் ஒரு தொண்டூழிய ஆம்புலன்ஸ் அமைப்பு பயிற்சிக்கு ஆள் எடுத்தது. பிறப்புச் சான்றிதழ் நகல், பள்ளிச் சான்றிதழ் நகல், நெஞ்சு எக்ஸ்ரே, பாஸ்போர்ட் படம் நான்கு கேட்டார்கள். அடிபட்டவனைத் தூக்குவதற்கு என் படம் நான்கு எதற்கு என்று எனக்குப் புரியவில்லை, ஆனாலும் எடுத்துக் கொடுத்தேன். மலாயில் அச்சடித்த படிவத்தின் கடைசியில், ஏன் சேர விரும்புகிறீர்கள் என்று கேட்டு நான்கு வரி இடம் விட்டிருந்தார்கள். 'துன்பப்படுவோருக்கு உதவ' என்று எழுதினேன். பக்கத்திலிருந்த சீனப் பையன் எட்டிப் பார்த்து அதையே எழுதினான். அவனைப் பார்த்து அடுத்தவன் எழுதினான். அந்த வருடம் பினாங்கில் துன்பப்படுவோருக்கு உதவத் துடித்தவர்கள் இருபத்திரண்டு பேர். அத்தனை பேரும் ஒரே வாக்கியத்தில் துடித்தோம்.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் பெரிய ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு மலாய்க்கார அம்மாள். எங்கள் ஊரில் நர்ஸை மிஸ்ஸி என்போம்; அவரையும் எல்லாரும் அப்படியே அழைத்தோம். படிவத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இரத்தத்தைப் பார்த்தால் உனக்கு மயக்கம் வருமா?"

"வராது, மிஸ்ஸி."

முகம் மழிக்கும்போது வரும் இரத்தத்துக்கு மேல் நான் பார்த்ததில்லை. அதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சேர்ந்த பிறகுதான் இடி விழுந்தது. சீருடை தேர்வில் தேறியவர்களுக்கு மட்டுமாம். அதுவரை வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பட்டை, நெஞ்சில் ஒரு பெயர் அட்டை. அட்டையில் என் பெயரும், இன்னாருடைய மகன் என்று அப்பாவின் பெயரும் இருந்தன. அப்பா பெயரைக் காட்டிப் பெண் கிடைப்பதாக இருந்தால் எப்போதோ கிடைத்திருக்கும்.

அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்வு பெற்றவர். நான் சேர்ந்த செய்தியைக் கேட்டு கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"என்னா, ஸ்ட்ரெச்சர் தூக்குறதுக்கா போரம் எழுதிக் கேக்குறானுங்க? நாங்க மூட்டை தூக்கினப்ப ஒருத்தனும் எக்ஸ்ரே கேக்கலலா."

"இது படிப்புப்பா."

"தூக்குறதுல என்னாடா படிப்பு? குனி, பிடி, எந்திரி. அவ்வளவுதான்."

ஆறு வாரம் கழித்து மிஸ்ஸியும் ஸ்ட்ரெச்சர் பாடத்தில் ஏறக்குறைய இதையேதான் சொன்னார். நான் அதை வீட்டில் சொல்லவில்லை.

சனிக்கிழமைதோறும் மத்தியானம் வகுப்பு. மிஸ்ஸி ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார். மயங்கிக் கிடப்பவர் யாராக இருந்தாலும், அவரிடமோ கூட இருப்பவரிடமோ கேட்க வேண்டிய கேள்வி: கடைசியாக எப்போது சாப்பிட்டார்? அடுத்தது: என்ன மருந்து எடுக்கிறார்? எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். இந்த ஊரில் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் வழியில் பார்த்தால் கேட்பது 'சாப்பிட்டாச்சா' என்றுதானே. இதற்கு ஒரு பயிற்சியா என்று பின்வரிசையில் பேசிக்கொள்வோம். மிஸ்ஸிக்குக் காது நன்றாகக் கேட்கும்.

"எல்லாரும் கேட்கிறீர்கள். யாராவது பதிலைக் கேட்கிறீர்களா?" என்றார்.

நான் அதை நோட்டில் எழுதி, அடியில் கோடும் போட்டேன்.

அரை வைத்தியன் வீட்டில் இருந்தால் நோயாளிக்குப் பஞ்சமில்லை. அம்மாவின் கையை முக்கோணத் துணியில் தொங்கவிட்டுப் பழகினேன். அவர் ஒரு கையால் சம்பல் அரைத்தார். கீழ்மாடி அக்காவின் பிள்ளைக்குச் சிராய்ப்பு என்று கேள்விப்பட்டு, கால் முழுக்கக் கட்டிவிட்டேன். அந்தப் பிள்ளை அதைக் காட்டி நான்கு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. இவர்களெல்லாம் தப்பித்துக்கொண்டார்கள். முழுதாக என் கையில் மாட்டியவர் அப்பாதான்.

அப்பாவுக்கு இனிப்புநீர், சர்க்கரை வியாதி. ஆஸ்பத்திரியில் தினம் காலையில் ஒரு மாத்திரை என்று கொடுத்திருந்தார்கள். அவர் நினைத்தால் போடுவார், நினைக்காவிட்டால் விட்டுவிடுவார். தேத்தண்ணீரில் மூன்று கரண்டி சீனி போட்டுக் குடித்துவிட்டு, "மாத்திரை அதைப் பாத்துக்கும்" என்பார். நான் சட்டம் போட்டேன். சீனி டின்னை அலமாரி மேல் ஏற்றி வைத்தேன். காலையில் நானே மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்து, அவர் விழுங்கும்வரை எதிரில் நிற்பேன். வாழ்நாளெல்லாம் கங்காணிகளைப் பார்த்த மனிதர், என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு எந்த மரியாதையும் தெரியவில்லை. ஆனால் விழுங்கினார்.

தைப்பூசம் வந்தது. அப்பாவுக்குப் பால்குடம் நேர்த்திக்கடன். ஒரு மாதமாக ஒரு வேளைச் சாப்பாடு. பூசத்துக்கு முதல் நாள் மத்தியானம் சாப்பிட்டது, இரவில் ஒரு வாழைப்பழம். குடத்தை இறக்கும்வரை பச்சைத் தண்ணீரைத் தவிர வேறெதுவும் கிடையாது. பயிற்சியில் இருந்த எங்களையும் அன்று முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலை ரோட்டுக்கு வேலைக்குப் போட்டிருந்தார்கள். நான் கிளம்பும் அவசரத்தில் வழக்கம்போல மாத்திரையை நீட்டினேன்.

"இன்னிக்கு விரதம்டா," என்றார் அப்பா.

"மருந்து விரதத்தை முறிக்காதுப்பா. சாப்பாடுதான் முறிக்கும். நான் படிச்சிருக்கேன்."

அம்மாவும், "ஆமா, மருந்துல குத்தமில்ல," என்றார். எங்கள் வீடுகளில் இது காலங்காலமாகச் சொல்வதுதான். நான் சொன்னதும் அதற்கு ஒரு சான்றிதழின் பலம் கிடைத்தது. அப்பா பச்சைத் தண்ணீரில் மாத்திரையை விழுங்கினார். ஒரு நாளும் தவறவிடாத என் ஒழுங்கை நானே மெச்சிக்கொண்டு பஸ் ஏறினேன்.

தைப்பூசத்தில் முதலுதவிக்காரனுக்கு வேலை தேங்காயால் வரும். முதல் நாள் தேருக்கு மலைமலையாக உடைத்த தேங்காயின் ஓட்டுத் துண்டுகள் ரோட்டோரத்தில் கிடக்கும். வெறுங்காலோடு வருபவர்கள் மிதிப்பார்கள். பதினோரு மணிக்குள் நான் இருபது பாதங்களுக்காவது கட்டுப் போட்டிருப்பேன். இரத்தத்தைப் பார்த்து எனக்கு மயக்கமும் வரவில்லை. பெருமையாக இருந்தது. கூட்டத்தில் மணமாகாத பெண்கள் யாராவது என் கைப்பட்டையைக் கவனிக்கிறார்களா என்றும் பார்த்துக்கொண்டேன்.

ஒரு தண்ணீர்ப் பந்தல் அருகே கூட்டம் வட்டமாக நின்றது. உறுமிச் சத்தம். யாருக்கோ அருள் வந்திருக்கிறது என்றார்கள். அருள் எங்கள் பிரிவில் சேராது, நான் நகர்ந்திருப்பேன். அப்போது அம்மாவின் குரல் கேட்டது. உள்ளே நுழைந்தேன்.

நடுவில் அப்பா. குடத்தை அம்மா வாங்கிப் பிடித்திருந்தார். அப்பாவின் கைகால் நடுங்கியது, கண் எங்கோ பார்த்தது, வாய் குழறியது. ஒரு மனிதர் விபூதியை அள்ளிப் பூசினார். ஒருவர் எலுமிச்சம்பழத்தை நீட்டினார். ஓர் அம்மாள் காலில் விழுந்து மகளுக்கு எப்போது கல்யாணம் என்று கேட்டார். அப்பா, "பதினெட்டாம் நம்பர் கொடவுன்... சீனி மூட்டை..." என்றார். அவர் முப்பது வருடம் தூக்கிய மூட்டைகள். கேட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் உடனே பேனாவை எடுத்து, சிகரெட் பெட்டியில் பதினெட்டு என்று குறித்துக்கொண்டார்கள். நான்கு இலக்க லாட்டரிக்கு இன்னும் இரண்டு எண் வேண்டும் என்று ஒருவர் சாமியைக் கெஞ்சினார்.

அப்பாவின் கையைப் பிடித்தேன். உச்சி வெயிலில் தார் ரோடு கொதிக்கிறது, அவர் கை சில்லென்று இருந்தது. வேர்வை சட்டையில்லாத மார்பில் ஓடியது. மிஸ்ஸியின் கேள்வி வாய்வரை வந்தது. கடைசியாக எப்போது சாப்பிட்டார்? யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எனக்கே தெரியும். என்ன மருந்து எடுத்தார்? அதுவும் எனக்குத்தான் தெரியும். உடம்பில் இருந்த கொஞ்சநஞ்சச் சர்க்கரையையும் என் மாத்திரை துடைத்து எடுத்துக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் நினைவு தப்பிவிடும். தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அதன் பிறகு எங்கள் அப்பா இருப்பாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"தள்ளுங்க, இவருக்கு உடம்பு சரியில்ல. இனிப்பு ஏதாச்சும் குடுங்க," என்றேன்.

விபூதி பூசியவர் என் கையைத் தட்டிவிட்டார். "தம்பி, சாமி மேல கை வைக்காத. முருகனுக்கே ஆம்புலன்ஸா?"

"ஐயா, இவரு எங்கப்பா."

"இப்ப உங்கப்பா இல்லலா. சாமி."

வாதாடி ஜெயிக்க நேரமில்லை. ஏழு மாதம் படித்த படிப்பில் இந்த இடத்துக்கு ஒரு வரியும் இல்லை. நான் அப்பாவின் வாயருகே காதை வைத்தேன். கேட்டதுபோலத் தலையாட்டினேன். பிறகு கைகூப்பிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"சாமிக்குத் தாகமாம். பானகம் கேக்குது."

உறுமி நின்றது. முருகன் பானகம் கேட்டால் தமிழர் கூட்டம் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை அன்று பார்த்தேன். மூன்று பந்தல்களிலிருந்து மூன்று செம்புகள் வந்தன. சற்றுமுன் என் கையைத் தட்டிவிட்டவரே, "ஆம்புலன்ஸ் தம்பிக்கே கேட்டிருக்குலா," என்று வழிவிட்டார். அப்பா விழுங்குகிறாரா என்று பார்த்துப் பார்த்து, வெல்லத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். ஒரு செம்பு முடிந்து இரண்டாவதில் பாதி போனது. மிச்சத்தைக் கூட்டம் பிரசாதம் என்று கையேந்தி வாங்கிக் குடித்தது. அம்மா மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து நிமிடம் ஆகியிருக்கும். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான பத்து நிமிடம் வேறில்லை. நடுக்கம் நின்றது. அப்பா என்னை அடையாளம் கண்டுகொண்டு, உதட்டை நக்கினார்.

"இனிப்பா இருக்கேடா. நீதான வேணாம்னே?"

எனக்கு அழுகை வந்தது. கூட்டம் அதையும் பக்தி என்றே எடுத்துக்கொண்டது.

குடத்தை அம்மா தன் தலைக்கு மாற்றிக்கொண்டு மலையேறினார். அப்பாவை ஆம்புலன்சில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ஒரு நாள் வைத்திருந்து, சோறு போட்டு அனுப்பினார்கள். பதினெட்டு விழவில்லை; அதற்காக யாரும் முருகனைக் குறை சொல்லவில்லை, மிச்ச இரண்டு எண்ணைக் கேட்கவிடாமல் பானகம் கொடுத்த என்னைத்தான் திட்டினார்கள். மூன்று மாதத்தில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. அதற்குள் தேர்வில் தேறிச் சீருடையும் வாங்கியிருந்தேன். பெண் வீட்டார் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முருகன் வந்து இறங்கிய மனிதரின் வீடு என்று பெண் கொடுத்தார்கள். அப்பாவும் நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்து அந்தப் பெருமையை ஏற்றுக்கொண்டார். சாகும்வரை அவர் அப்படித்தான் நம்பினார். நான் மறுத்ததில்லை. மறுத்தால் முழுக் கதையையும் சொல்ல வேண்டியிருக்கும்.

முழுக் கதையும் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். அன்று மாலை முதலுதவிக் கூடாரத்தில், நாங்கள் பார்த்த ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு தாள் எழுதி மிஸ்ஸியிடம் கொடுக்க வேண்டும். அப்பாவின் தாளை நான்தான் நிரப்பினேன். பெயர். வயது. கடைசியாகச் சாப்பிட்டது: முதல் நாள். மருந்து: இனிப்புநீர் மாத்திரை, இன்று காலை. கொடுத்தவர் என்ற இடத்தில் பேனா நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, 'மகன்' என்று எழுதினேன்.

மிஸ்ஸி தாளை வாங்கிப் படித்தார். மேலே இருந்த பெயரில் அவர் கண் நின்றது. நிமிர்ந்து என் நெஞ்சில் இருந்த பெயர் அட்டையைப் பார்த்தார். அதில் என் பெயருக்குப் பின்னால் அதே பெயர் இருந்தது. திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை. அவர் தாளில் கையெழுத்துப் போட்டு, மற்ற தாள்களோடு சேர்த்து வைத்தார்.

"அந்த மகனிடம் சொல்லிவிடு," என்றார். "மாத்திரை கொடுக்கும் முன்னால் சாப்பிட்டாரா என்று கேட்க வேண்டும். பதில் வரும்வரை நிற்க வேண்டும்."

"சொல்லிவிட்டேன், மிஸ்ஸி," என்றேன்.