பச்சைச் சீலைக்காரிக்காக ஒரு வேண்டுதல்

நம் பங்குக் குடும்பங்கள் எல்லாருக்கும் இயேசுவின் பெயரால் வணக்கம். எனக்கு மேடையேறிப் பேச வராது. மைக்கைக் கண்டால் வாயில் வம்புதான் வரும். அது எவ்வளவு உண்மை என்பது படிக்கும்போது தெரியும். அதனால் எழுதியே தருகிறேன்.

போன தவக்காலம் எங்கள் வீட்டுக்குச் சாம்பல் புதனுக்கு முன்பே வந்துவிட்டது. பல வருடமாக நான் அலுவலக வேலை பார்த்த பள்ளிக்கூடத்தை இழுத்து மூடிவிட்டார்கள். லாரி ஓட்டுநரான என் வீட்டுக்காரருக்கு முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. இனி லாரி ஓட்டவே கூடாது, மீறினால் கால் விழுந்துவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவரோ, "ஈஸ்டர் வரைக்கும் பாக்கலாம் ஜெசிந்தா. அதுக்குள்ள உனக்கு வேலை அமையலைன்னா நான் வண்டி ஏறிடறேன். சங்ககிரி லாரி ஆபீஸ்ல சொல்லியாச்சு" என்றார்.

சேலத்தில் நான் ஏறி இறங்காத படி இல்லை. ஓரிடத்தில் கம்ப்யூட்டர் தெரியுமா என்றார்கள். தெரியும் என்றேன். அடுத்து வயதைக் கேட்டார்கள். நாற்பது தாண்டிவிட்டது என்றதும், "சொல்லி அனுப்பறோம்மா" என்று எழுந்துகொண்டார்கள். இன்றுவரை யாரும் சொல்லி அனுப்பவில்லை.

அப்போது மகளிர் தின நேரம். டிவியைப் போட்டால் ஒரு பெண் மலை ஏறுகிறாள், இன்னொரு பெண் ரயில் ஓட்டுகிறாள். எல்லாரும் சாதனைப் பெண்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்டென்று அணைத்துவிடுவேன். உள்ளதைச் சொல்கிறேன், கடவுளோடும் பேச்சை நிறுத்திக்கொண்டேன். கேட்டுக் கேட்டு வாய் வலித்துப்போனதுதான் மிச்சம் என்று நினைத்தேன்.

அணைத்த டிவியின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் அம்மாவின் ஞாபகம் வரும். நான் சின்னவளாக இருந்தபோது எங்கள் வீட்டில் கதவு வைத்த மரப்பெட்டி டிவி இருந்தது. கறுப்பு வெள்ளை. சாயங்காலச் செய்தி முடிந்ததும் செபமாலை. மற்ற வீடுகளில் குடும்பத் தேவைகளைக் கருத்தாக வைத்துச் செபம் சொல்வார்கள். எங்கள் அம்மாவுக்குக் கருத்துகளைக் கொடுத்ததே அந்தச் செய்திதான். எங்கோ வெள்ளம் என்றால் ஒரு 'அருள்நிறைந்த மரியே'. ரயில் கவிழ்ந்தது என்றால் இரண்டு. படம் நின்றுபோய் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்று எழுத்து வந்தால் அம்மாவுக்குக் கொண்டாட்டம். அந்த இடைவெளியிலும் நாலைந்தைச் சொல்லி முடித்துவிடுவார்.

அப்பா கிண்டல் செய்வார். "உன் செபம் கெடைக்காம அமெரிக்காக்காரன் சோறு தண்ணி இல்லாம உக்காந்திருக்கான் பாரு." அம்மா கண்ணை மூடிக்கொண்டே, "அவனுக்கும் ஒண்ணு சொல்லிட்டேன், நீங்க முட்டி போடுங்க" என்பார்.

யாராவது ஒரு பெண் ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்ததாகக் காட்டினால் அவளுக்கும் செபம் உண்டு. "ஜெயிச்சவளுக்கு எதுக்கும்மா?" என்று ஒருநாள் கேட்டேன். "அவளுக்குத்தாண்டி வேணும். எத்தனை பேரு கண்ணு படும்!" என்றார். செய்தி வாசிக்கும் பெண்ணுக்காகக்கூட வேண்டுவார். பெயர் தெரியாது. "அந்த மூக்குத்தி போட்ட புள்ளைக்காக. ரெண்டு நாளா முகம் வாடியிருக்கு" என்று சொல்லி ஆரம்பிப்பார். நானும் தம்பியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். அந்தச் சிரிப்பும், அம்மா முந்தானையில் இருந்த ஊதுபத்தி வாசமும், ஆண்டவரே, அந்த ஒரு மணி நேரத்தைத் திருப்பித் தரமாட்டீரா என்று இப்போதும் ஏங்குகிறேன். இன்று எங்கள் வீட்டில் ஆளுக்கொரு போன். செய்தி தனித்தனியாக வருகிறது, தனித்தனியாகப் போகிறது.

நாமக்கல்லில் ஒரு வேலைவாய்ப்பு முகாம் என்றார்கள். இருந்ததில் நல்லதான பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். பந்தலில் கூட்டம் நெரிந்தது. ஃபைலால் விசிறிக்கொண்டு வரிசையில் நின்றேன். உள்ளூர் கேபிள் சேனலில் இருந்து வந்த ஓர் இளைஞர் என் பெயரையும் போன் நம்பரையும் குறித்துக்கொண்டு மைக்கை நீட்டினார். "பெண்கள் எல்லாத் துறையிலயும் சாதிக்கிறாங்க. நீங்க என்ன சொல்றீங்க மேடம்?"

எனக்கிருந்த எரிச்சலில் வாய் தானாகப் பேசியது. "சாதிக்கிறவங்க நல்லா இருக்கட்டும் தம்பி. என் வீட்டுக்காரரு மறுபடியும் லாரி ஏறக் கூடாது. அதுக்கு எனக்கு ஒரு வேலை வேணும். கெடைச்சா அதுதான் என் சாதனை."

அதை அப்படியே ஒளிபரப்பிவிட்டார்கள். நாத்தனார் போன் செய்து, "ஏன் அண்ணி, டிவியில வர்றப்பவாவது கொஞ்சம் சிரிச்ச முகமா நிக்கக் கூடாதா?" என்றாள். அதைத் தாங்கிக்கொண்டேன். என் வீட்டுக்காரரும் போனில் பார்த்தார். "நான் ஒக்காந்து திங்கறது ஊருக்கே தெரிஞ்சு போச்சு" என்று மட்டும் சொன்னார். ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்பு, குருத்து ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், பரணில் கிடந்த லாரிப் பையை இறக்கி வெயிலில் காயவைத்தார்.

அன்று சாயங்காலம் வெகுநாள் கழித்து டிவியைப் போட்டேன். கடலுக்குப் போன படகு ஒன்று திரும்பவில்லை என்று செய்தி. கரையில் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். "அந்த நீல நூல்சேலைக்காரிக்காக" என்று என் வாய் சொன்னது. அம்மாவின் குரல் மாதிரியே இருந்தது. அருள்நிறைந்த மரியே சொன்னேன். எனக்காக எதுவும் கேட்கவில்லை. அழுகை மட்டும் அடங்கவே இல்லை.

அதே வாரம் பெரிய புதன் அன்று போன் வந்தது. புதுச்சத்திரத்தில் ஒரு முட்டை வியாபார அலுவலகம், மறுநாள் நேரில் வரச் சொன்னார்கள். போனேன். வாசலில் முட்டை லாரிகள் நின்றிருந்தன. முதலாளி ஒரு பெண்மணி, என்னைவிட மூத்தவர். டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, முன்பு என்ன வேலை பார்த்தேன் என்று கேட்டார். அட்மிஷன், கணக்கு, சண்டைக்கு வரும் பெற்றோர்களைச் சமாளிப்பது என்றேன்.

"அப்ப எங்க யாவாரிகளையும் சமாளிச்சிருவீங்க" என்று சிரித்தார். "திங்கக்கெழமையிலிருந்து வந்துருங்க."

எனக்கு நம்பிக்கையே வரவில்லை. "நான் இங்க மனுப் போடவே இல்லைங்களே. என்னை எப்படிங்க தெரியும்?" என்றேன்.

"கேபிள் டிவில பாத்தனுங்க. எங்க ஊட்டுக்காரரும் லோடு ஏத்திக்கிட்டுப் போனவருதான். திரும்பி வரலீங்க. நீங்க சொன்னதக் கேட்டதும் மனசு கேக்கல. ஒடனே மாரியாத்தாகிட்ட வேண்டிக்கிட்டனுங்க. உங்க பேரு ஞாபகத்துல நிக்கல. அந்தப் பச்சைச் சீலக்காரி ஊட்டுக்காரரு லாரி ஏறக் கூடாது தாயின்னு தினமும் சொல்லிக்கிட்டிருந்தேன். வேண்டிக்கிட்டுச் சும்மா இருந்தா ஆச்சுங்களா? அதான் கேபிள்காரத் தம்பிக்குப் போன் போட்டு உங்க நம்பர வாங்கினேன்."

டீ டம்ளரை வைத்துவிட்டு அழுதேன். நான் கடவுளோடு பேசாமல் கிடந்த நாளில், என் பெயர்கூடத் தெரியாத ஒருவர் எனக்காகப் பேசியிருக்கிறார். நான் வேண்டுவது மாதாவிடம், அவர் வேண்டியது மாரியம்மனிடம். அதற்கு விளக்கம் சொல்ல எனக்குப் படிப்பு பத்தாது. எங்கள் அம்மா பெயர் தெரியாத எத்தனையோ பேருக்காகச் சொன்ன செபம், சுற்றிச் சுற்றி என்னிடம் வந்து சேர்ந்தது என்றுதான் நம்புகிறேன்.

அன்று மாலை பெரிய வியாழன் பூசைக்குப் போவதற்கு முன் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் அந்தப் பையை எடுத்துப் பரணில் போட்டார். கையை எக்கியபோது முதுகு வலித்திருக்கும். முகம் சிரித்தபடியே இருந்தது.

இப்போது தினமும் பஸ் நிறுத்தம் வரை என் கூடவே நடந்து வருகிறார். சாயங்காலம், "ஜெசி, நியூஸ் போட்டாச்சு, வா" என்று கூப்பிடுகிறவரும் அவர்தான். போன்களை ஓரமாக வைத்துவிட்டு முட்டி போடுகிறோம். ஆண்டவருக்கும் அன்னை மரியாளுக்கும் கோடி நன்றி.

வேலை தேடி அலைகிறவர்களே, கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனவர்களே, உங்களுக்காகக் கேட்க முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். இன்று செய்தியில் ஒரு முகம் வரும். அதற்காக ஒன்று சொல்லுங்கள். பெயர் தெரிய வேண்டாம். புடவை நிறம் போதும்.