முதலாவது என்ற சொல்

எங்கள் பாடசாலையில் யார் எதை எப்போது வென்றார்கள் என்று எழுதுவது நானாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. பதுளையில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருக்கிறேன். மாலையில் பஸ்ஸில் வரும்போதே பழைய மாணவர்களின் முகநூல் பக்கத்துக்கான செய்தியை மனதில் ஒழுங்குபடுத்திவிடுவேன். தமிழ்த்தினப் போட்டி, கரப்பந்தாட்டம், ஆய்வுகூடத்துக்குக் கடைசியில் கதவு வந்தது, எல்லாவற்றுக்கும் நாளும் கிழமையும் இருக்கும். 'அண்மையில்' என்று தொடங்கும் செய்தியைக் கண்டாலே எனக்கு ஆகாது.

பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வந்த அன்று மட்டும் செய்தி எனக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருந்தது. தெமோதரையில் இறங்கி மழையில் ஏறி வந்தால், மனைவி வாசலில் நின்றாள். சிரிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யாத முகம்.

"அக்கா மகளுக்குச் சட்டபீடம் கெடைச்சிருச்சாம்."

"நம்ம புள்ளைக்கு?"

"கலைப்பீடம்."

அவளுடைய அக்காவின் கணவர், என் சகலை, தெமோதரை ஸ்டேஷனில் ஆட்டோ ஓட்டுகிறவர். அவர் மகளும் என் மகளும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. என் வீட்டில் இரண்டு அலுமாரி நிறையப் புத்தகம். சகலை வீட்டில் கலண்டரைத் தவிர அச்சடித்த காகிதம் கிடையாது. அந்தப் பெண் என் அலுமாரியிலிருந்து எடுத்துப்போய்த்தான் படித்தாள். படித்து முடித்ததும் பழைய பேப்பரில் அட்டை போட்டுத் திருப்பித் தந்துவிடுவாள். அன்றைக்கு அந்த அட்டைகளைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் அவளைப் பற்றிய செய்தியை எழுதிப் போட்டேன். மனைவி போனைப் பார்த்துவிட்டு அடுப்படியிலிருந்தே கேட்டாள்.

"என்னங்க, நம்ம மக தமிழ்த்தினப் போட்டியில மாகாணத்துல மூணாவதா வந்தப்ப ஒரு பக்கம் எழுதினீங்க. இதுக்கு மூணு வரியா?"

"செய்தின்னா சுருக்கமா இருக்கணும்."

"அன்னைக்கு இருக்க வேணாமாக்கும்?"

ஞாயிற்றுக்கிழமை சகலை வந்தார். எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை கெம்பசுக்குப் போனால், தோட்டத்துக்குத் திரும்பும் முடக்கில் பேனர் கட்ட வேண்டும். நடுவில் பிள்ளையின் படம், கீழே சின்னச் சின்ன வட்டங்களில் வாழ்த்துகிறவர்களின் தலைகள். பிள்ளை படித்துப் பட்டம் வாங்கி வேலைக்குப் போன பிறகும் வெயிலில் வெளுத்துக்கொண்டு அந்தப் பேனர் அங்கேயே நிற்கும். எங்கள் ஊரில் கல்வெட்டு என்றால் அதுதான்.

"வசனம் நீங்கதான் எழுதணும் சகல," என்றார். "எங்கள் பாடசாலையிலிருந்து முதன்முதலாகச் சட்டபீடம் செல்லும் மாணவி. அது பெருசா வரணும். மத்தது ஒங்க இஷ்டம்."

"அது பிழை சகல."

"என்னா பிழை?"

"முதல்ல போனது இவ இல்ல. எங்க வகுப்புல ஒரு பொண்ணு போயிருக்கு. ஸ்பிரிங்வெளிப் பக்கத்துப் பொண்ணு."

அது உண்மை. எனக்கு மறக்க முடியாத உண்மை. அதே பரீட்சையை நானும் எழுதினேன், சட்டபீடத்துக்கு நானும் விண்ணப்பித்தேன். அவளுக்குக் கிடைத்தது. அந்த வருஷம் முழுக்க ஸ்பிரிங்வெளி பஸ்ஸைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கொஞ்ச நாளில் அவள் குடும்பமே கொழும்புப் பக்கம் போய்விட்டது. அதிபர்கள் மாறினார்கள், ஆசிரியர்கள் மாறினார்கள், அவளை நினைவு வைத்திருக்க என்னைத் தவிர ஆள் இல்லை.

சகலை யோசித்தார். "அந்தப் பொண்ணுக்குப் பேனர் வச்சாங்களா?"

"அப்ப பேனர் ஏது?"

"அப்ப யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

அவர் போனதும் மனைவி வெளியே வந்தாள். "கல்யாணமான புதுசுல அந்தப் பொண்ணப் பத்தி எங்கிட்ட எத்தன தடவ பொருமியிருப்பீங்க! இப்ப என்னா திடீர்னு பாசம்?"

சொல்வதற்கு என்னிடம் இருந்தது சரித்திரம் ஒன்றுதான். அது சரியாகவும் இருந்தது, என் வயிற்றெரிச்சலுக்கு வசதியாகவும் இருந்தது.

பதுளைக் கடைத்தெருவில் பேனர் அடிக்கும் முஸ்லிம் நானாவின் கடைக்கு நானும் சகலையும் போனோம். கணினித் திரையில் சகலையின் மகள் தயாராக இருந்தாள். கழுத்துக்கு மேலே அவள். கீழே கறுப்புக் கோட்டும் டையும் போட்ட ஒரு தடித்த ஆணின் உடம்பு.

"என்ன நானா இது?"

"டொக்டருக்கு நாலு மாதிரி ஈக்கி சேர். இஞ்சினியருக்கும் ஈக்கி. லோயருக்கு இந்த ஒரு கோட்டுத்தான். பொம்புளப் புள்ள யாரும் இதுவரைக்கும் கேட்டு வரல்லயே."

சகலை என் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா சகல? பதுளை டவுன்லயே பொம்பளப் புள்ளைக்கிக் கோட்டு இல்ல. அப்ப எம்மகதானே முதல்?"

"கோட்டு இல்லங்கிறது சாட்சியாகாது."

"நீங்க லோயரா, எம்மக லோயரா?"

நானா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. தவறான ஒன்றைக் கட்டிவிட்டால் அது அங்கேயே நிற்கும், நாளைக்கு வருகிறவர்கள் அதைத்தான் நம்புவார்கள் என்று விளக்கினேன்.

"ஸ்டேஷன்ல எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன்," என்றார் சகலை. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "எங்க வூட்டுல எதுலயுமே மொதல்னு யாரும் வந்ததில்ல சகல. கபடியில கூட" என்றார்.

அந்த இடத்தில் நான் விட்டிருக்கலாம். விடவில்லை. "பிழை பிழைதான் சகல," என்றேன்.

"சரி நானா, அந்தச் சொல்லை எடுத்துருங்க."

சகலையே சொன்னார். நானா ஒரு விசையைத் தட்டினார், 'முதன்முதலாக' போய்விட்டது. கோட்டு மட்டும் இருந்தது.

பேனர் ஏறியது. அன்று மாலையே முகநூல் பக்கத்தில் ஒரு குறிப்புப் போட்டேன்: எங்கள் பாடசாலையிலிருந்து சட்டபீடம் போகும் இரண்டாவது மாணவி இவர், முதலாமவர் ஸ்பிரிங்வெளியைச் சேர்ந்தவர், இன்ன வருடத்து அணி, இன்ன பிரிவு. யாரும் கேட்காத குறிப்பு. அதை மூன்று தடவை வாசித்தேன். ஒரு பிழை இல்லை. நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த வாரம் சகலை போன் எடுத்தார். குரலில் மூச்சு வாங்கியது. "சகல, அந்த லோயரம்மா வர்றாங்களாம்!"

"எந்த லோயரம்மா?"

"நீங்க எழுதின லோயரம்மாதான்! கொழும்புல யாரோ காட்டியிருக்காங்க. பாடசாலையில நம்பர் வாங்கிப் பேசினாங்க. எம்மகளப் பாக்கணுமாம். நாளன்னைக்கு வர்றாங்க."

வந்தார். கார் முடக்கிலேயே நின்றுவிட்டது, மேலே கார் வரும் அளவுக்குப் பாதை அகலமில்லை. சகலை தன் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். எல்லாக் கதவுகளிலும் ஆட்கள். லோயரம்மா உள்ளே வந்து பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து, கொடுத்த பால் இல்லாத பிளேன்டீயைக் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தார். தனக்கு விடுதி கிடைக்காமல் அலைந்த கதையைச் சொன்னார். பிறகு சகலையின் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ அலைய வேணாம். என் வீட்டுல ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு. அங்கே இருந்து படி" என்றார்.

என் மனைவியின் அக்கா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். நான் மூலையில் நின்றேன். படம் எடுப்பது என் பொறுப்பு.

"அந்தக் குறிப்பை எழுதினது யார்?" என்று லோயரம்மா கேட்டார். "எனக்கே மறந்துபோன பிரிவையெல்லாம் எழுதியிருந்தது."

"நம்ம சகலதான்!" என்று சகலை என்னைப் பிடித்து முன்னால் தள்ளினார். "ஒரு எழுத்து பிசகாது. நாந்தான் முட்டாத்தனமா முதல்னு போடச் சொன்னேன். இவரு வுடல. அன்னைக்கு நான் சொன்னதைக் கேட்டிருந்தார்னா, அம்மா இன்னைக்கு இந்த வூட்டுக்கு வந்திருப்பீங்களா?"

"ரொம்ப நன்றி," என்று அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "நீங்களும் நம்ம பாடசாலையா? எந்த வருஷம்?"

உங்கள் வகுப்புத்தான், உங்களுக்கு இரண்டு பெஞ்சு பின்னால் என்று சொல்ல வாயெடுத்தேன். "அதே காலந்தாங்க," என்றேன்.

அவர் என் மகளையும் விசாரித்தார். புவியியல் படிக்கப்போகிறாள் என்றதும், "நல்லது, நல்லது" என்று சொல்லிவிட்டு மறுபடி சகலையின் மகள் பக்கம் திரும்பினார். ஒரு பேச்சில் அந்தத் திரும்புதல் எத்தனை சின்னது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த நேரத்தில் எடுத்த முதல் படம் கலங்கிப்போனது.

ஆட்டோவில் அவரை இறக்கிவிட்டு வந்ததும் சகலை புதுப் பேனருக்குத் திட்டம் போட்டார். ஒரு பக்கம் லோயரம்மா, மறு பக்கம் மகள், முதலாவது, இரண்டாவது. "இந்தத் தடவ கோட்டும் சரியா இருக்கும், அம்மா தன்னோட போட்டோ அனுப்புறேன்னாங்க. கீழ வட்டத்துல ஒங்க மூஞ்சிதான் சகல பெருசு."

பொழுது சாய நாங்கள் மூவரும் வீட்டுக்கு ஏறினோம். மனைவி முன்னால் போனாள். லோயரம்மா எத்தனை எளிமை என்று மகள் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தாள். அவளுக்குக் குறை ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. திடீரென்று நின்றாள்.

"அப்பா, கலைப்பீடத்துக்கு நம்ம ஸ்கூல்ல இருந்து போறவங்கள்ல நான் எத்தனையாவது?"

எனக்கு அது தெரியும். யார் யார், எந்த வருஷம் என்று வரிசையாகச் சொல்ல முடியும்.

"எண்ணிப் பாக்கணும்," என்றேன்.

"பொய்யி," என்று சிரித்துவிட்டு அவள் அம்மாவைப் பிடிக்க ஓடினாள்.