நினைப்புக்கு ஒரு செம்புத் தண்ணீர்

மரவள்ளியைப் பற்றி மாதம்மாளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மலைமேல் அரியூர் நாட்டில் அவள் காட்டில் மழைத்தண்ணீர் தேங்கினால், சோற்றைப் பாதியில் விட்டுவிட்டு மண்வெட்டியோடு ஓடி வடித்துவிடுவாள். வேர் ஊறினால் கிழங்கு அழுகிப்போகும். இது தெரிந்தவள்தான் வாசலில் இருந்த ஒரே ஒரு செம்பருத்தியைத் தண்ணீரில் மூழ்கடித்துக் கொல்லப் பார்த்தாள்.

அந்தச் செடி மகள் யமுனாவுடையது. திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகும்போது, பெயின்ட் வாளியில் இருந்த செடியை அம்மாவிடம் ஒப்படைத்து, "ஆடிக்கு வாரேன். பூத்து நிக்கோணும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். சாயங்காலம் போன் பண்ணினால் முதல் கேள்வியும் அதுதான். "செடிக்குத் தண்ணி ஊத்துனியாம்மா?"

ஊற்றினாள். மகளின் பாயைச் சுருட்டி வைக்கும்போது அவள் நினைப்பு வந்தது, போய் ஒரு செம்பு ஊற்றினாள். களி கிண்டும்போது கை பழக்கத்தில் மகளுக்கும் சேர்த்து மாவு அள்ளியது, அதற்கு ஒரு செம்பு. பஸ் ஹாரன் கேட்டால் ஒரு செம்பு. பெற்ற வயிறு கணக்கா பார்க்கும்? பனிமூட்டம் பகல் வரை விலகாத மலை வேறு. மண் காயவே இல்லை.

"ஏம்புள்ள, அதுக்கு நீச்சல் பழக்குறியா?" என்றார் கணவர் கருப்பண்ணன். அவருக்கும் மகள் நினைப்புதான். அவர் அதை மிளகுக் கொடியோடு பேசித் தீர்த்துக்கொள்வார்.

இலை மஞ்சளானது. மொட்டுகள் விரியாமலே உதிர்ந்தன. தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றினாள். செடி பட்டுப்போனால் மகளும் வரமாட்டாள் என்று கிறுக்குத்தனமாக ஒரு பயம் பிடித்துக்கொண்டது.

ஒருநாள் இடம் மாற்றலாம் என்று வாளியைத் தூக்கினாள். அசையவில்லை. மண்ணைக் கிளறியதும் குப்பென்று அடித்தது, அழுகிய கிழங்கின் அதே நாற்றம். வாளியைச் சாய்த்துப் பார்த்தாள், அடியில் ஓர் ஓட்டைகூட இல்லை. தலையில் அடித்துக்கொண்டாள்.

கம்பியைப் பழுக்கக் காய்ச்சி ஓட்டைகள் போட்டாள். கறுத்த வேரை நறுக்கிவிட்டு, மணல் கலந்த மண்ணில் மறுபடி நட்டாள். இனி விரலை விட்டுப் பார்த்து, மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். அடிவழியே வடியும்வரை ஊற்றிவிட்டு, அப்புறம் தொடக்கூடாது. செடிக்கு அது சுலபம், அவளுக்குத்தான் கஷ்டம். செம்பை எடுப்பாள், விரலில் ஈரம் ஒட்டும், வைத்துவிடுவாள். நெஞ்சில் வந்ததை எங்கே கொண்டுபோய் ஊற்றுவது?

அன்று சாயங்காலமும் யமுனா அதையே கேட்டாள்.

"ஊத்தல கண்ணு. மண்ணு ஈரமாத்தான் இருக்குது." மகள் போனதிலிருந்து கேட்காததை மாதம்மாள் கேட்டாள். "நீயில்லாம ஊடு ஊடாவே இல்ல சாமி. எப்ப வாரே?"

போனில் மூக்கை உறிஞ்சும் ஓசை. "நீ எப்படி இருக்கேன்னு கேட்டா எனக்கு அழுகை வந்துருதும்மா. அதனாலதான் செடியவே கேட்டேன்." அப்புறம்தான் சொன்னாள். "ஆடிக்கு லீவு தரமாட்டேங்கறாங்க."

மாதம்மாள் வாளியைப் பார்த்தாள். தண்டில் உயிர் இருந்தது, அவ்வளவுதான்.

"இதும் இந்த ஆடிக்குப் பூக்காது கண்ணு. ரெண்டு பேரும் மெள்ள வாங்க."

போனை வைத்ததும் மண்ணில் விரலை விட்டுப் பார்த்தாள். ஈரம். செம்பைத் தொடாமல் வாளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள்.