என் காலுக்கு ஒரு ஃபிரேம்

போன சனிக்கிழமை ஒரு சைக்கிள் வாங்கினேன். ஆண்கள் ஓட்டுவார்களே, நடுவில் கம்பி வைத்தது... அது. ஆமாம், எனக்குத்தான்.

நான் ஐந்தடி ஒன்பது அங்குலம். வீட்டுக்காரர் ஐந்தடி நான்கு. எங்கள் கல்யாண போட்டோவைக் கோயில் படிக்கட்டில் வைத்து எடுத்தார்கள். அவர் மேல் படியில், நான் கீழே. அன்றைக்குக் குனிந்தவள்தான். நிமிர்ந்தால் யாராவது ஏதாவது சொல்லிவிட்டால்? கவலைப்பட எனக்குக் காரணமே வேண்டாம்.

சுகர் வந்து, டாக்டர் தினமும் உடற்பயிற்சி செய்யச் சொன்னதும் மகளின் லேடீஸ் சைக்கிளை எடுத்து ஓட்டினேன். கால் முட்டு ஹேண்டில்பாரில் இடித்தது. ஒரே வாரத்தில் வலி. தப்பு என் காலில்தான் என்று நினைத்துக்கொண்டேன்!

கல்ஃபிலிருந்து லீவில் வந்த வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். "வண்டி உனக்குக் கொள்ளாது, கேட்டியா? வா, மார்த்தாண்டத்துல சைக்கிள் கடைக்குப் போவோம்."

கடைக்காரர் நேராகக் கூடை வைத்த சைக்கிளைக் காட்டினார். "லேடீஸுக்கு இதாக்கும் அக்கா. ஒரே சைஸுதான்."

செருப்பைப் போட்டுப் பார்த்து வாங்குகிறோம். ஜாக்கெட்டுக்குத் தோள், கை என்று டேப் வைத்து அளக்கிறோம். சைக்கிள் என்றால் மட்டும் பெண்களுக்கெல்லாம் ஒரே உடம்பா?

"இருக்கதுலயே பெரிய ஃபிரேமை எடும்வே" என்றார் வீட்டுக்காரர்.

ஏறினேன். கால் சுகமாக எட்டியது. ஹேண்டிலோ எங்கோ தூரத்தில்... பாதி படுத்தால்தான் பிடிக்க முடியும். தோள் இழுத்தது. எனக்கென்று ஒரு வண்டி உலகத்திலேயே இல்லையோ?

"இஞ்ச பாருங்க, நமக்கு வேண்டாம். வீட்டுக்குப் போவோம்."

"ஏட்டி, வந்த பஸ் சார்ஜுக்காவது இன்னொண்ணு ஏறிப் பாரு!"

நான் எட்டாம் கிளாசோடு படிப்பை விட்டவள். ஆனால் ரெடிமேட் சுடிதார் வாங்கத் தெரியும். பேண்ட் பெரிய சைஸ், டாப் ஒரு சைஸ் கம்மி. என் உயரமெல்லாம் காலில்தான். இடுப்புக்கு மேலே குட்டை, கையும் குட்டை. சட்டென்று கேட்டேன்: "ஒரு சைஸ் சின்னதை எடுத்து, சீட்டை மட்டும் மேல ஏத்தினா?"

"அதுவும் ஆம்பளை வண்டியாக்கும் அக்கா. கம்பி உண்டு."

"இருக்கட்டு."

கம்பிக்கு மேலே காலை அகட்டி நின்றேன். இரண்டு பாதமும் தரையில், கம்பி தட்டவில்லை. சீட்டை ஏற்றினார்கள். பெடல் கீழே போகும்போது முட்டு லேசாகத்தான் மடங்கியது. கை தளர்வாக ஹேண்டிலைப் பிடித்தது. எதுவும் இடிக்கவில்லை, எதுவும் இழுக்கவில்லை.

வீட்டுக்காரர் கடைக்காரரைத் தட்டினார். "பாத்தீரா? இந்த வண்டியில இருக்க இப்படி ஒரு காலு வேணும். அது எனக்க வீட்டுல உண்டு!"

மறுநாள் பூசைக்கு அதில்தான் போனேன். பூசை முடிந்ததும் வீட்டுக்காரருக்கு ஓட்டிப் பார்க்க ஆசை. கால் எட்டவில்லை. கோயில் படிக்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய், மேல் படியில் ஏறி நின்று சீட்டில் உட்கார்ந்தார். "மக்கா, ஒரு போட்டோ எடு" என்று மகளைக் கூப்பிட்டார்.

இந்த முறையும் அவர் மேலே, நான் கீழேதான்... ஆனால் குனியவில்லை.