முட்டைக்கு ஒரு மேசை

பேக்கிங் பெட்டி செய்கிறவனின் வேலையை யாரும் நின்று ரசிப்பதில்லை. போய்ச் சேர்ந்த இடத்தில் கடப்பாரையால் பிளந்து போட்டுவிட்டு, உள்ளே இருக்கும் மெஷினைத்தான் ரசிப்பார்கள். கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்கு இருபத்திரண்டு வருடமாகப் பெட்டி அடிக்கிறேன். நீ செய்ததில் முழுசாக நிற்கிற ஒன்றைக் காட்டு என்று யாராவது கேட்டால் முழிக்க வேண்டியதுதான். பெருக்கிய வாசலில் மறு நிமிடமே செருப்புக் காலோடு நடக்கிறார்களே என்று நொந்துகொள்பவர்கள் உங்களில் இருப்பீர்கள். என் வருத்தம் உங்களுக்குப் புரியும். அந்தக் குறை தீர்கிற மாதிரி போன வருடம் ஒரு வேலை வந்தது.

எத்தனை டஜன்?

தாமஸ் சார் ஒரு ஸ்டீல் கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்க்கிறவர். வீடு கவரைப்பேட்டையில், எங்கள் பட்டறைக்கு எதிரிலேயே. ஒரு நாள் வந்து, "மேஸ்திரி, முட்டைக்கு ஒரு டேபிள் வேணும்" என்றார். பதினைந்து வருடமாக என்னோடு வேலை செய்யும் ஏழுமலை காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு, "எத்தினி டஜன் சார்?" என்று கேட்டான்.

வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். துபாயிலிருக்கும் மச்சான் அனுப்பிய அடுப்பு. கனத்த பீங்கானில், பெரிய முட்டையை நிற்க வைத்தது மாதிரி இருந்தது. மேல்பாதிதான் மூடி; கீழ்ப்பாதியில் கரி போட்டு, மூடி வைத்துக் கோழி சுட வேண்டுமாம். இரண்டு சிமென்ட் மூட்டை கனம் இருக்கும், கீழே விழுந்தால் சில்லுதான். மகளுடைய நிச்சயதார்த்தத்துக்கு வெளியே தோட்டத்தில் வைத்துச் சமைப்பதாக ஏற்பாடு. நான் அளவெடுக்கும்போது சாருடைய மனைவி ஸ்டெல்லா அம்மா உள்ளேயிருந்தே சொன்னது காதில் விழுந்தது.

"பொட்டி அடிக்கிறவர் கையில டேபிளா? அன்னிக்கின்னு அது ஒடைஞ்சு உழுந்துச்சுன்னா, மாப்ள ஊட்டுக்காரங்க முன்னால நாம இன்னாங்க பண்றது?"

மூடினால் போதாதா?

அந்த ஒரு வார்த்தைக்காகவே தேர்ந்தெடுத்த வேப்பம் பலகை வாங்கி, ஆணிக்குப் பதில் போல்ட் போட்டு, யானை ஏறினாலும் தாங்குகிற மாதிரி மேசையை இறுக்கினேன். மேல்பலகையில் வட்டமாக ஓட்டை. முட்டை அதன் வழியே இறங்கி, கீழ்த்தட்டில் உட்காரும். ஆணியில் நூலைக் கட்டி வட்டம் போட்டு, சூட்டுக்குச் சுற்றிலும் இடைவெளி விட்டு அறுத்தோம். நாலு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுப்பை இறக்கினோம். கச்சிதமாக உட்கார்ந்தது. தாமஸ் சார் ஆசையாக மூடியைத் தூக்கினார். நாலு விரல்கடை தூக்கியதும் நின்றுவிட்டது. மூடியின் கீல் பின்பக்கம் மடங்க வேண்டுமே, அதற்கு நாங்கள் இடமே விடவில்லை.

மறுபடியும் அடுப்பைத் தூக்கி, பின்பக்கம் பலகையை வெட்டிச் சரி செய்தோம். எனக்கு வெட்கமாக இருந்தது. ஏழுமலைக்கு ஒரு வருத்தமும் இல்லை.

"நம்ம தொழில்ல மூட்றதோட வேலை முட்ஞ்சிது சார். தொறக்கறதெல்லாம் பார்ட்டியோட வேலை."

ஒரு கோழிக்கா?

கீழ்த்தட்டும் மரம்தானே, கரிச் சூட்டில் கருகிவிடாதா என்று எனக்குப் பயம். அடியில் வைக்க, தங்கள் கம்பெனி உலையைப் பிரித்துக் கட்டியபோது மிஞ்சிய ஃபயர் பிரிக்கில் நாலு கொண்டுவருவதாகத் தாமஸ் சார் சொன்னார். முறையாக கேட் பாஸ் எழுதி வாங்கியிருக்கிறார். அதில் 'உபயோகம்' என்ற இடத்தில் உண்மையை எழுதித் தொலைத்ததுதான் தப்பு. கேட்டில் இருந்த செக்யூரிட்டி அதை இரண்டு தடவை படித்துவிட்டு, கல்லையும் சாரையும் மாறி மாறிப் பார்த்திருக்கிறார்.

"இரும்பே உருகற சூட்டத் தாங்கற கல்லு சார் இது. ஒரு கோழிக்கா?"

குடையும் கிளாசும்

எண்ணெய் பூசிக் காய வைத்துவிட்டு நான் டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால், மேசையின் முன்பக்கம் கறுப்பு மையில் மூன்று படங்கள். மேலே பார்க்கும் அம்பு, குடை, நீளக் கால் வைத்த ஒயின் கிளாஸ். எங்கள் பெட்டிகளில் எல்லாம் அடிப்பதுதான். இந்தப் பக்கம் மேலே, நனைக்காதே, உடையும் பொருள் என்று அர்த்தம். வேலை முடிந்ததும் ஏழுமலையின் கை தானாகப் படம் வெட்டிய தகட்டை எடுத்து அச்சடித்துவிட்டது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். மரம் மையைக் குடித்துவிட்டிருந்தது, போகவில்லை.

போதாக்குறைக்கு என் கையும் சும்மா இருக்கவில்லை. பெட்டிக்கு அடிக்கிற மாதிரியே அடியில் இரண்டு நீளக் கட்டை கொடுத்து, நாலு அங்குலம் தூக்கி நிறுத்தியிருந்தேன். "இன்னாத்துக்கு இவ்ளோ சந்து? எலி குடும்பம் நடத்தவா?" என்று ஸ்டெல்லா அம்மா கேட்டார். பழக்கதோஷம் என்று எப்படிச் சொல்வது? அடுத்து அவர் பார்வை படங்களுக்குப் போனது.

"குட எடுத்துக்கினு வரணும்னு புரியுது. அந்த கிளாஸ் எதுக்கு மேஸ்திரி? நாங்க கோயிலுக்குப் போற குடும்பம்."

நாலு அங்குலம்

நிச்சயதார்த்தத்துக்கு என்னையும் ஏழுமலையையும் கூப்பிட்டிருந்தார்கள். தோட்டத்துப் பந்தலுக்குக் கிழக்கே, சுற்றிலும் போட்ட சிமென்ட் தரையில் மேசை. கரி பிடித்துக் கோழி வேக ஆரம்பித்தது. மேசை அசையவில்லை. நான் நிம்மதியாக ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மணிக்குக் காற்று திரும்பி, கிழக்கே கடல் பக்கமிருந்து அடித்தது. தினம் திரும்புகிற காற்றுதான், எங்களில் ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை. புகை முழுவதும் நேராகப் பந்தலுக்குள், மாப்பிள்ளை வீட்டார் முகத்தில். ஆளுக்கு ஆள் இருமினார்கள். மாப்பிள்ளையின் அம்மா புதுப்பட்டுத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு எழுந்துவிட்டார். எரியும் அடுப்பை யார் தூக்குவது? ஸ்டெல்லா அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதி வெந்துவிட்டேன்.

அப்போது ஏழுமலை கத்தினான்: "ணா, அடியில சந்து கீதுணா!" எதிரே பட்டறைக்கு ஓடினான். பெட்டிகளை நகர்த்த நாங்கள் வைத்திருக்கும் பேலட் ட்ரக்கை, கையால் தள்ளும் அந்த வண்டியை, கடகடவென்று இழுத்து வந்தான். அதன் இரண்டு இரும்புக் கைகளும் நாலு அங்குலச் சந்தில் அளவெடுத்தது மாதிரி நுழைந்தன. கைப்பிடியை நாலு அழுத்து அழுத்தினேன். மேசை, முட்டை, நெருப்பு, கோழி எல்லாம் சேர்ந்து அலுங்காமல் எழுந்தன. பந்தலைச் சுற்றி ஊர்வலம் மாதிரி தள்ளிக்கொண்டு போய் மேற்கே இறக்கினோம். வள்ளூர் அனல்மின் நிலையத்தில் வேலை செய்யும் மாப்பிள்ளையின் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"எரியற பாய்லரை எடம் மாத்தி எங்க ப்ளான்ட்லகூட நான் பாத்ததில்லபா!"

பந்தலே சிரித்தது. கொஞ்ச நேரம் கழித்து ஸ்டெல்லா அம்மா தாமே இரண்டு தட்டில் கோழி வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். என் கண் கலங்கியது. புகையினால் என்று சொல்லிக்கொண்டேன்.

"பொண்ணு போற ஊட்டுக்கும் இதே மாரி ஒண்ணு பண்ணிக் குட்த்துடுங்க மேஸ்திரி. சந்து உட மறந்துடாதீங்க. கிளாஸ் மட்டும் வோணாம்."

நான் செய்ததெல்லாம் ஊர்விட்டு ஊர் போய் உடைந்துகொண்டிருக்க, உடையாமல் நின்ற ஒரே பொருளையும் ஒரு இடத்தில் நிற்கவிடாமல் வண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போன புண்ணியவானும் நானேதான்.